டொர்னாடோ ஊரில் வீடு பார்க்கும்போது

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மூர் என்றொரு ஊர் இருக்கிறது. 1999 மே 3 அன்று வீசிய டொர்னாடோ என்னும் சுழல்காற்று அந்த ஊரையும் சுற்றுப்புறத்தையும் நாசமாக்கி 36 உயிர்களைக் குடித்தது. 2013 மே 20 அன்று மறுபடியும் அதே ஊர், அதே உச்சகட்ட வலிமை. இம்முறை 24 பேர். அவர்களில் ஏழு பேர் பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளியில் இருந்த குழந்தைகள். இப்படிப்பட்ட ஊரைவிட்டு ஜனங்கள் ஓடியிருப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மூரின் மக்கள்தொகை சுமார் 41,000. 2020-இல் அது 62,000-ஐத் தாண்டிவிட்டது.

அந்த ஊருக்குக் குடிவந்தவர்கள் அசட்டுத் துணிச்சலில் வந்தவர்கள் இல்லை. டெக்சாஸின் டாலஸிலோ கேன்சஸ் சிட்டியிலோ வேலை கிடைத்து, 'போகலாமா, வேண்டாமா' என்று இரவெல்லாம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

டாலஸைச் சுற்றியுள்ள பிளேனோ, ஃப்ரிஸ்கோ, இர்விங் போன்ற ஊர்களில் இன்று தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வருடா வருடம் புதிதாக வருகிறவர்களும் அதிகம். வேலை உறுதியானதும் ஊரிலிருந்து முதலில் வருவது வாட்ஸ்அப் வீடியோதான்: கறுத்த வானம், தும்பிக்கைபோல் இறங்கும் காற்று, பறக்கும் கூரை. "அங்கேயா போறே?" என்ற கேள்வி அதன் பின்னாலேயே வரும்.

அந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 1,200 டொர்னாடோக்கள் உருவாகின்றன; உலகில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு கிடையாது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறி வரும் ஈரமான வெப்பக் காற்றும், மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் நடுச் சமவெளியில் சந்திக்கின்றன. மேலே போகப் போகக் காற்றின் வேகமும் திசையும் மாறினால், இடிமேகமே சுழலத் தொடங்குகிறது. வர்தாவையும் கஜாவையும் பார்த்த நமக்குப் புயல் புதிதல்ல. ஆனால் வங்கக் கடலில் உருவாகும் புயலுக்கு நாள்கணக்கில் முன்னறிவிப்பு உண்டு. பால், மெழுகுவர்த்தி, தண்ணீர் எல்லாம் வாங்கி வைக்கலாம். டொர்னாடோ வருவதற்கு முன் எச்சரிக்கை கிடைத்தால் அதுவே பெரிது. கிடைக்கும் அவகாசமும் பெரும்பாலும் பத்து நிமிடத்தை ஒட்டித்தான்.

ஆனாலும் கணக்கைப் பார்த்துவிட்டுப் பயப்படுவது நல்லது. டொர்னாடோக்களின் வலிமையை அவை ஏற்படுத்தும் சேதத்தை வைத்து இஎஃப்-0 முதல் இஎஃப்-5 வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறார்கள். பத்தில் எட்டுக்கு மேல் கீழ் இரண்டு படிகளிலேயே அடங்கிவிடும். கடைசி இரண்டு படிகளைத் தொடுபவை நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் சாவுகளில் பாதிக்கு மேல் அவற்றால்தான். 2011-ஐப் போன்ற கொடிய ஆண்டில் 553 பேர் இறந்தார்கள். மற்றபடி சராசரி ஆண்டுக்கு 70-ஐ ஒட்டி. அதே நாட்டில் சாலை விபத்துகளில் ஆண்டுக்கு 40,000 பேர் சாகிறார்கள். வேலைக்குக் காரோட்டிப் போக யாரும் தயங்குவதில்லை.

'அப்படியானால் நியூ ஜெர்சிக்கே போய்விடுகிறேன்' என்பதும் முழுப் பதிலாகாது. 2021 செப்டம்பர் 1 அன்று அந்த மாநிலத்தின் மல்லிகா ஹில் பகுதியில் இஎஃப்-3 டொர்னாடோ வீடுகளைப் பிய்த்தெறிந்தது. அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களில் எதுவும் இதற்கு முழு விலக்குப் பெற்றதல்ல.

எனவே எந்த ஊர் என்று மாதக்கணக்கில் மருகுவதைவிட, அந்த ஊரில் எந்த வீடு, அந்த வீட்டில் எந்த அறை என்று பார்ப்பதில்தான் உயிர் இருக்கிறது. மூர் நகரம் இதைத்தான் செய்தது. 2014-இல் புது வீடுகள் மணிக்கு 135 மைல், அதாவது சுமார் 217 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்க வேண்டும் என்று கட்டட விதியை மாற்றியது. கூரையைச் சுவரோடும் சுவரை அஸ்திவாரத்தோடும் இறுக்கிப் பிணைக்க வேண்டும். கராஜ் கதவு காற்றுக்கு உள்வாங்காததாக இருக்க வேண்டும். பிளாசா டவர்ஸ் பள்ளியில் அன்று பாதுகாப்பு அறை கிடையாது. திரும்பக் கட்டியபோது அதோடுதான் கட்டினார்கள். ஏழு குழந்தைகள் போன பிறகு வந்த அறை அது.

டாலஸுக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டே வர வேண்டும். அங்கே பெரும்பாலான வீடுகளுக்குப் பதுங்க நிலத்தடி அறை, அதாவது பேஸ்மென்ட், இல்லை. காரணம், மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண் பூமி அது. புதிதாக வரும் நம்மவர்கள் அநேகமாக அபார்ட்மென்டில்தான் தொடங்குகிறார்கள். மேலே காலடிச் சத்தம் கேட்காது, வெளிச்சம் நன்றாக வரும் என்று மூன்றாவது மாடியைக் கேட்டு வாங்குகிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் லீசிங் ஆபீஸில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எச்சரிக்கை வந்தால் மேல்மாடிக்காரர்கள் எங்கே போவது? 'உங்கள் பாத்ரூமுக்குள் இருந்துகொள்ளுங்கள்' என்று சொன்னால், தரைத்தளத்தில் யாராவது ஒருவரோடு பழகி வைத்துக்கொள்வது உத்தமம். நள்ளிரவில் கதவைத் தட்டினால் திறக்கும் அளவுக்கான பழக்கம் போதும்.

தனி வீடானால் கீழ்த்தளத்தில், வெளிச்சுவரைத் தொடாத, ஜன்னல் இல்லாத சின்ன இடம்தான் சரி. மாடிப்படிக்குக் கீழே துணியும் வேக்குவம் கிளீனரும் திணித்து வைத்திருக்கும் அந்த க்ளாசெட்டே பல வீடுகளில் சரியான இடம். டொர்னாடோ காலம் தொடங்கும் மார்ச்சுக்கு முன் அதைக் காலி செய்துவிட வேண்டும். உள்ளே ஒரு டார்ச், தண்ணீர், பாஸ்போர்ட் பை, பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட். இறப்பவர்களில் பலருக்கு அடி படுவது தலையில்தான், ஹெல்மெட் அதற்காக. ஆளுக்கொரு ஜோடி ஷூவும் அங்கேயே இருக்கட்டும். காற்று ஓய்ந்தபின் வீடெங்கும் கண்ணாடியும் ஆணியுமாக இருக்கும். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் வழக்கமுள்ள நம்மவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காரில் ஏறித் தப்பிக்கலாம் என்ற நினைப்பு மிக ஆபத்தானது. 2015 டிசம்பர் 26 இரவு, டாலஸை ஒட்டிய கார்லண்டில் இஎஃப்-4 டொர்னாடோ நெடுஞ்சாலைச் சந்திப்பைக் கடந்தது. அங்கே இறந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் வண்டிகளில் இருந்தவர்கள். பாலத்துக்கு அடியில் ஒதுங்குவதும் அப்படியே; 1999-இல் ஓக்லஹோமாவில் அவ்வாறு ஒதுங்கியவர்களில் மூன்று பேர் பிழைக்கவில்லை. பாலத்தின் குறுகிய இடைவெளியில் காற்று இன்னும் வேகமெடுக்கிறது.

இன்னொரு எதிரி தூக்கம். 2020 மார்ச் 3 அன்று நள்ளிரவுக்குப் பின் டென்னசி மாநிலத்தில் நாஷ்வில்லையும் குக்வில்லையும் டொர்னாடோக்கள் தாக்கின. 25 பேர் இறந்தார்கள். அதில் 19 பேர் குக்வில் பகுதியில், பெரும்பாலும் படுக்கையிலிருந்த நேரத்தில். தெருவில் ஊதும் சைரன் வெளியில் இருப்பவர்களுக்காக வைக்கப்பட்டது. ஏசி ஓடும் மூடிய அறையில் அது கேட்காமலே போகலாம். (டாலஸ் வட்டாரத்தில் பல ஊர்களில் மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள். வந்த புதிதில் அதைக் கேட்டுப் பதறாதவர்கள் குறைவு.) போனை சைலன்டில் போட்டாலும் அவசர எச்சரிக்கை மட்டும் அலறும்படி வைத்திருக்க வேண்டும். வானிலை ரேடியோ ஒன்றையும் படுக்கையறையில் வைத்துவிட்டால் நிம்மதி.

எச்சரிக்கையிலும் இரண்டு வகை உண்டு. 'வாட்ச்' என்று வந்தால் சூழ்நிலை கூடிவருகிறது என்று அர்த்தம். வெளிவேலையைச் சுருக்கிக்கொண்டு கவனமாக இருக்க வேண்டும். 'வார்னிங்' வந்தால் டொர்னாடோ ரேடாரிலோ கண்ணிலோ பட்டுவிட்டது. அந்த நொடியே உள்ளே போய்விட வேண்டும். 2011 மே 22 அன்று மிசௌரியின் ஜாப்லினில் சைரன் முன்கூட்டியே ஊதியது. அடிக்கடி கேட்டுப் பழகிய சத்தம் என்பதால், இன்னொரு உறுதி கிடைக்கட்டும் என்று பலர் காத்திருந்தார்கள் என்பதை விசாரணை காட்டியது. அங்கே 158 பேர் இறந்தார்கள். எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் டொர்னாடோ இல்லாமலே முடியும் என்பது உண்மைதான். அப்படி முடியும்போதெல்லாம் நஷ்டம் அரைமணி நேரம், அவ்வளவுதான்.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெக்சாஸில் காற்றுக்கும் ஆலங்கட்டி மழைக்கும் தனியாக 'டிடக்டிபிள்' போடுகிறார்கள், அதாவது இழப்பில் நாமே கைவிட்டுத் தர வேண்டிய பங்கு. பெரும்பாலும் வீட்டு மதிப்பில் ஒன்றிரண்டு சதவீதம். வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சொந்தப் பொருளுக்கான காப்பீடு மாதம் சொற்பத் தொகைதான்.

இவ்வளவும் செய்து முடித்த வீட்டிலும் இருவரை மறந்துவிடுகிறோம். பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அப்பா அம்மாவை. மகனும் மருமகளும் ஆபீஸ் போன பகல் வேளையில் கைக்குழந்தையோடு அந்த வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான். டிவியில் ஓடும் எச்சரிக்கை ஆங்கிலத்தில். போனில் வருவதும் ஆங்கிலத்தில். 1987 மே 22 அன்று டெக்சாஸின் சரகோசா என்ற சிற்றூரில், பிள்ளைகளின் பட்டமளிப்பு விழாவுக்காகக் கூடியிருந்த மண்டபத்தை டொர்னாடோ தாக்கியது. ஊரில் 30 பேர் மடிந்தார்கள். ஸ்பானிஷ் பேசும் அந்த மக்களுக்கு எச்சரிக்கை அவர்கள் மொழியில் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது பின்னால் தெரிந்தது. தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்குக் கூடும்போது இதற்கும் கால் மணி நேரம் ஒதுக்கலாம்; தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை அச்சடித்துத் தரலாம்.

அதுவரை, பெற்றோரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வரும் பிள்ளைகள் அந்த முதல் வாரத்திலேயே இரண்டு காரியம் செய்துவிடுங்கள். அபாய ஒலி எப்படி இருக்கும் என்று போனில் போட்டுக் காட்டுங்கள். பிறகு அந்தச் சின்ன அறைக்கு அழைத்துப் போய், குழந்தையை மடியில் கொடுத்து, கதவைச் சாத்தி ஒருமுறை உட்கார வைத்துப் பாருங்கள்.