மறக்கச் சொல்வது மருந்தாகுமா?

'மறந்துவிடு, ஸப்ரு செய்.' பேரிடரினின்று உயிர்மீண்டோரிடம் நம்மவர் கூறும் அறிவுரை பெரும்பாலும் இவ்வளவே. 1990 ஆகஸ்டு 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையைச் சூறையாடிற்று. இத்தகைய கொடுமைகளைக் கண்டோருள், ஆண்டுகள் பல சென்ற பின்னும் இரவில் அலறி எழுவோர் உண்டு. அவரை ஈமான் குறைந்தவர் என இகழ்வதும், ஜின் பிடித்ததெனத் தாயத்துக் கட்டுவதும், தூக்க மாத்திரையால் வாயடைப்பதும் முறையோ? முறையன்று என்கிறோம் நாம்.

யஃகூப் நபி (அலை) அவர்கள் அருமை மகனை எண்ணி அழுதே கண்ணொளி இழந்தார்கள். அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டும் அவர்களே! அவர்களது ஈமானில் குறை காண எவர் துணிவார்? ஹிஜ்ரி 322இல் மறைந்த பல்க் நகரத்து அறிஞர் அபூஸைத், உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் இணைத்தெழுதினார். ஆயிரமாண்டுகட்கு முன் நம் முன்னோர் அறிந்ததை நாம் இன்று மறுப்பது நாணத்தக்கதன்றோ?

அமெரிக்க மனநல மருத்துவர் இந்நோய்க்கு 1980இல் பெயரிட்டனர். மூன்று திங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்டது என்பர். மறக்க முயல்வதே இந்நோயை வளர்க்கிறது. நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் விலக்க விலக்க, அச்சம் தணிய வழியே இல்லாது போகிறது. ஆதலின், நினைவை நேரே சந்திக்கச் செய்யும் முறைகள் தோன்றின. ஒன்று, தேர்ந்தவர் துணையோடு நடந்ததைச் சிறுகச் சிறுக எடுத்துரைத்து, 'என் பிழையால் நேர்ந்தது' என்பன போன்ற எண்ணங்களைத் திருத்துவது. மற்றொன்று, பிரான்சின் ஷாப்பிரோ 1989இல் வெளியிட்டது. நினைவை உள்ளத்தில் நிறுத்தி, மருத்துவரின் விரலசைவைக் கண்களால் தொடர்வது. மூன்றாம் வகை, நினைவைத் தொடாது மன இறுக்கத்தைத் தணிக்கும் பயிற்சிகள்.

இவற்றுள் எது சிறந்தது? 2013இல் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர் 4,761 பேர் பங்குகொண்ட 70 ஆய்வுகளை ஒப்புநோக்கினர். சிகிச்சை முடிந்தவுடன் மூன்றும் ஏறத்தாழ ஒத்த பயன் தந்தன. 1 முதல் 4 திங்கள் கழித்து நோக்கியபோது, முதலிரண்டும் முந்தி நின்றமைக்குச் சான்று கிடைத்தது. ஆயின் சான்றுகளின் தரம் மிகத் தாழ்ந்தது என்றும், சிகிச்சையை இடையில் விட்டோர் பலர் என்றும் அவர்களே ஒப்புக்கொண்டனர். 'எம் முறையே முறை' எனப் பறைசாற்றும் மருத்துவரும் இதனைக் கருதுக.

'ஆறிய புண்ணைக் கிளறலாமா?' எனச் சிலர் வினவுவர். இரவுதோறும் அலற வைக்கும் புண் ஆறிய புண்ணாகுமா? ஆயின் கண்டவரெல்லாம் கிளறுதல் தகாது. பேரிடர் நிகழ்ந்தவுடன் அனைவரையும் வற்புறுத்தி ஒரே அமர்வில் பேசவைப்பதால் பயனில்லை என ஆய்வுகள் காட்டியுள்ளன. பயிற்சி பெற்றவரே செய்யவேண்டிய பணி இது.

துஆவும் மருத்துவமும் பகையல்ல. நோய்க்கு மருந்து தேடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். உடல் நோய்க்கு மட்டும் அப்பணிப்பைக் கொண்டு, உள்ளத்து நோயைக் கதவடைத்து மறைப்பதை ஸப்ரு என்னாதீர். அது நம் சொந்தத்துக்கு நாமே இழைக்கும் அநீதி.