பட்டதாரியும் ஸ்பேனரும்

கற்றவன் கையில் கரி படியலாகாது என்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றது. பேனா பிடித்த கை ஸ்பேனர் பிடித்தால் மதிப்புக் குன்றிவிடும் எனக் கருதுவோர் இன்றும் பலர். இவ்வெண்ணத்தைப் பொதுப்படக் கண்டிப்பதினும், ஒரு சிறு வேலையை எடுத்துக்கொண்டு ஆராய்வதே பயன் தருமென நினைக்கின்றோம். மோட்டார்க் காரின் பின்புற ஷாக் அப்ஸார்பர்களை வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் புதியன பூட்டுதலே அவ்வேலை.

அதிர்ச்சி தாங்கி எனப் பொருள்படும் அப்பெயரே நம்மை மயக்குவது. சக்கரம் பள்ளத்தில் விழும்போது உண்டாகும் அதிர்ச்சியை ஏற்பது ஸ்பிரிங்கேயாம். ஏற்ற ஸ்பிரிங் வாளா இராது. பெற்ற சக்தியைத் திருப்பித் தந்து வண்டியை மேலுங்கீழும் ஆடச் செய்யும். அவ்வாட்டத்தை அடக்குவதே இக்கருவியின் தொழில். குழாயினுள் எண்ணெயும், அதனுள் நுண்டுளைகளையுடைய பிஸ்டனும் உள்ளன. வண்டி அசையுந்தோறும் எண்ணெய் அத்துளைகளின் வழியே நெருக்குண்டு பாய, அசைவின் சக்தி வெப்பமாக மாறி வெளியேறுகின்றது. பௌதிக வகுப்பில் தணிவுறும் அலைவு என்று நாம் மனப்பாடஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும் பாடம் இதுவேயன்றி வேறன்று.

இக்கருவி தளர்ந்தால் பிரயாணம் அசௌகரியமாகும் என்பது மாத்திரமன்று. சக்கரம் சாலையை விட்டுத் துள்ளும். துள்ளும் சக்கரத்திற்குப் பிரேக்கும் பயன்படாது. குழாயின் புறத்தே எண்ணெய் கசிதல், வேகத்தடையைத் தாண்டியபின் வண்டியின் பின்புறம் பலமுறை ஆடுதல், டயர் மேடு பள்ளமாகத் தேய்தல் ஆகியன அதன் அறிகுறிகள்.

இனி, ராஜபாளையத்திற்குத் தெற்கேயுள்ள தளவாய்புரத்தை நோக்குவோம். நைட்டி முதலிய ஆயத்த ஆடைகளுக்குப் பெயர்பெற்றது அவ்வூர். தையலைத் தொழிலாகக் கொண்டோர் ஊசி முறிந்தாலும், நூல் அறுந்தறுந்து போனாலும் பிறர் வரவை எதிர்பார்த்திரார். தாமே திருகாணியைத் திருகிச் சரிசெய்துகொள்வர். இயந்திரம் நின்றால் கூலியும் நின்றுவிடுமன்றோ? அத்தகைய வீட்டிற் பிறந்து பட்டம் பெற்ற மைந்தன், துணிக்கட்டுகளைச் சுமந்து சுமந்து தளர்ந்த காரின் அடியில் எட்டிப் பார்க்கவும் கூசுவானாயின், அவன் தாயின் கை அறிந்ததை அவன் கல்வி மறக்கச் செய்ததென்றே கூறல் வேண்டும்.

நிற்க. இவ்வேலை அபாயமுடையதன்றோ என்று சிலர் வினவலாம். ஆம், அறியாது செய்வார்க்கு உயிரபாயமே. ஜாக்கி வண்டியைத் தூக்குதற்குரியதேயன்றி, தாங்கி நிறுத்துதற்குரியதன்று. ஜாக்கியை மாத்திரம் நம்பி எவரும் வண்டியின் அடியிற் புகலாகாது. இரும்புத் தாங்குகால்களை நிறுத்தி, அவற்றின்மேல் வண்டியை அமர்த்துதல் வேண்டும். செங்கல்லும் ஹாலோபிளாக் கல்லும் திடீரென நொறுங்கும் இயல்பின ஆதலின் ஆகா. மேலும், பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின் சக்கரங்களையே பற்றுவது. அவற்றை உயர்த்தியபின் அது வண்டியை நிறுத்தாது. ஆதலால், சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தல் இன்றியமையாதது.

வேலையின் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் உண்டு. சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்துவது, உயர்த்தியபின் சக்கரம் உடன்சுழலும் என்பதனால். பழையதைக் கழற்றுமுன் பின் அச்சினடியில் ஜாக்கியை முட்டுக்கொடுப்பது, அச்சு தாழ்ந்து பிரேக் குழாயை இழுக்காதிருக்கவும் ஸ்பிரிங் இடம்பெயராதிருக்கவும். துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் இடுதல் நன்று. ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுதல் வேண்டும். ஆனால் இரண்டையும் ஒருங்கே மாற்றிவிடல் வேண்டும். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாயின் வண்டியின் ஆட்டம் இருபுறமும் ஒவ்வாது. கீழ்ப் போல்ட்டின் இறுதி முறுக்கை, வண்டியின் பாரம் சக்கரங்களின்மேல் அமர்ந்த நிலையிலேயே கொடுத்தல் வேண்டும். அன்றேல் ரப்பர் புஷ் முறுக்குண்டு விரைவிற் கெடும். வண்டியைச் செய்தோர் குறித்த அளவுக்கு மேல் முறுக்குதலும் பிழையே.

எல்லை அறிதலும் அறிவின் பகுதியே. பின்புறத்தில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் தனித்தனியே அமைந்த வண்டிகளுக்கே நாம் கூறியது பொருந்தும். முன்புறத்திலோ பல வண்டிகளில் இரண்டும் ஒன்றாகப் பிணைந்துள்ளன. நெருக்குண்ட அந்த ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே கொல்லவல்லது. அதனைத் தக்க கருவியுடைய மெக்கானிக்கிடம் ஒப்படைத்தலே விவேகம்.

இத்தகைய கைப்பழக்கத்தாற் பயன் யாதென்பார்க்குக் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களின் வரலாறே விடையாகும். 1893ஆம் ஆண்டிற் பிறந்து பள்ளிப் படிப்பில் மனம் பற்றாத அவர், ஹோட்டலில் வேலை செய்து பணஞ் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டியே இயந்திர வித்தையைக் கற்றார். 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். பாடம் இன்றியே கை இத்துணை கற்குமாயின், பாடமும் சேர்ந்த கை எத்துணை கற்கும்?

இதனால் மெக்கானிக்கின் பிழைப்புக் கெடும் என்பார் கூற்றையும் நாம் ஏற்கோம். துருவேறிய போல்ட்டு ஒன்றோடு ஒரு பகல் முழுதும் மல்லாடியவன், அவர் கேட்கும் கூலியில் பேரம் பேச நாணுவான். சிறு பிராயத்திலேயே பட்டறை புகுந்து பட்டமின்றித் தேர்ந்த அவரை மரியாதையோடு விளிக்கவும் கற்றுக்கொள்வான். செலவில் மிச்சமாகும் சில நூறு ரூபாயினும் இதுவே பெரிய ஆதாயம்.

மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, வீட்டிலுள்ள வண்டியின் அடியை ஒருமுறை குனிந்து நோக்குங்கள். தக்க கருவிகளும், அறிந்தவர் ஒருவரின் துணையும் வாய்க்குமாயின் வேலையையும் தொடங்குங்கள். கையிற் படிந்த கரி சோப்பினாற் போய்விடும். கை கற்ற பாடமோ போகாது.