வலிய கழகமும் ஊர்ப் பிள்ளையும்

பாசையூர் சென் அன்ரனிஸ், நாவாந்துறை சென் மேரிஸ், இளவாலை யங் ஹென்றிஸ் என யாழ்ப்பாணத்து உதைபந்தாட்டக் கழகங்கள் ஊர்ப்பெயரோடேயே வழங்குவன. ஊர் வளர்த்த ஆட்டக்காரரை வலிய கழகமொன்று வாரிக்கொண்டால் மெலிந்த கழகம் பதினொருவரைச் சேர்க்கவுந் திண்டாடும். எதிர்த்தாட ஆளின்றி வென்ற கிண்ணத்துக்கு மதிப்பேது?

ஆட்டக்காரன் ஊர்க்கழகத்தை விட்டு விலகலாகாது என விதித்துவிடுதல் எளிது, நீதியன்று. நியூகாசில் கழகம் விட மறுத்தமையால் ஜோர்ஜ் ஈஸ்ற்றம் வழக்காடினார். அவ்வாறு பிடித்துவைத்தல் தொழிலுரிமையை நியாயமின்றித் தடுப்பதென 1963இல் ஆங்கில நீதிமன்றந் தீர்த்தது. சம்பளத்துக்கு ஆடுபவனுக்கே அவ்வுரிமை உண்டெனின், ஆசைக்கு ஆடும் மாணவனைக் கட்டிவைப்பது எங்ஙனம்?

அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்தார் 2016இல் தம் ஊர்க்கழகங்களுக்கு வேறொரு வழி வகுத்தனர். (அவர்கள் ஆடும் பந்து நீள்வட்டம்; நோய் ஒன்றே.) ஆட்டக்காரன் ஒவ்வொருவனுக்கும் புள்ளியுண்டு: கழகத்திலேயே வளர்ந்தவனுக்கு ஒன்று, வெளியிலிருந்து வரும் வல்லவனுக்குப் பல. அணியின் மொத்தப் புள்ளி வரம்பைத் தாண்டலாகாது. தொடர்ந்து வெல்லுங் கழகத்துக்கு வரம்பைக் குறைக்கவும் இடமுண்டு. பையனின் காலில் தளையில்லை. கழகத்தின் ஆசைக்கே அளவு.

நம் லீக்குகளும் ஒரு பருவம் இதனைப் பரீட்சித்துப் பார்க்கலாம். அதற்கு, எவன் எக்கழகத்தில் வளர்ந்தான் என்னும் பதிவேடு முதலில் வேண்டும்.