வீட்டுக்குள் எதற்கு சர்வர்?

போன வாரம் மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசம். அறைக்கு அறை நெட்வொர்க் கேபிள், மொத்தம் ஆறு கணினிகள். ஆறிலும் ஒரே பயனர், ‘அட்மின்’. பாஸ்வேர்டும் ஒன்றே; அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. “ஆபீஸ் தொல்லை ஆபீஸோட போகட்டும் மாமா, நம்ம வீட்டுக்குள்ள யாருக்கு யார்கிட்ட ரகசியம்?” என்றார். இவருக்கு மாதச் சம்பளம் எதற்குத் தெரியுமா? ஒரு நிறுவனத்தின் நாலாயிரம் ஊழியர் கணக்குகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பதற்கு!

இந்த ரகசிய வாதத்தைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பத்தாவது படிக்கும் பிள்ளை கேம் இறக்கப்போய் அப்பாவின் வருமானவரிக் கோப்பை அழித்தால், அதில் எங்கே வந்தது ரகசியம்?

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் மின்வாரியத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரன் கழித்துப்போட்ட கணினியில் லினக்ஸும் சாம்பா என்ற சர்வர் மென்பொருளும் ஏற்றி, மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறார். வீட்டிலுள்ள ஐந்து பேரின் கணக்குகளும் அந்த ஒரு பெட்டியில். எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவரவர் பெயரில் நுழையலாம், அவரவர் கோப்பு வந்துவிடும். பாஸ்வேர்டை ஒருமுறை மாற்றினால் எல்லாவற்றிலும் மாறிவிடும். பேத்தி இரவு ஒன்பதுக்கு மேல் எதிலும் நுழைய முடியாது. அட்மின் உரிமையோ பெரியவருடைய அன்றாடக் கணக்குக்கே கிடையாது. மருமகளின் லேப்டாப்பில் டிஸ்க் போனபோது அந்த வீட்டில் யாரும் பதறவில்லை. கோப்பெல்லாம் பெட்டியில் இருந்தது, பெட்டியின் நகல் வெளி டிஸ்கில் இருந்தது.

செலவு என்கிறீர்களா? சாம்பா இலவசம். 2012 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்தே, அலுவலகக் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்க மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரி பார்க்கும் வேலையை அது பார்க்கிறது. மின்வாரியக் கணக்கருக்குக் கைவந்தது சர்வர் நிர்வாகிக்குக் கைவரவில்லையாம்.

“சர்வர் படுத்துட்டா?” என்று அடுத்து மடக்குவார்கள். முன்பு நுழைந்தவர்களின் விவரத்தை விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும்; பெட்டியை அணைத்துவிட்டாலும் பெரியவரின் லேப்டாப் திறக்கிறது. கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினால் நுழைபவரைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முரண்டு பிடிக்கும், வாஸ்தவம்தான். கடிகாரத்தைச் சரிசெய்யத் தெரியாதவருக்கு ஆறு கணினி எதற்கு?

வீட்டுக்கு ஒரே கணக்கு என்கிற இந்தப் பழக்கத்துக்கு மைக்ரோசாஃப்ட்டும் உடந்தை. ‘ஹோம்’ என்று பெயர் வைத்த விண்டோஸை, இப்படி ஒரே சர்வரின் கீழ் கணக்குகளை வைக்கும் டொமைனில் சேர்க்கவே முடியாது; ‘ப்ரோ’வுக்குத் தனியாகக் காசு அவிழ்க்க வேண்டும். 2009-இல் விண்டோஸ் 7-உடன் ஹோம்குரூப் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அதுவும் வீட்டுக்கே ஒரு பாஸ்வேர்டு என்கிற சமாசாரம்தான். 2018-இல் அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

சரி, அந்த ‘ஒரே கணக்கு’ யாருடையது? எப்போதும் ஐயாவுடையது. அம்மாவின் மகளிர் குழுக் கணக்கு ஐயாவின் ஃபோல்டருக்குள் ஒரு மூலையில் கிடக்கும். கரண்ட் பில், கேஸ், பள்ளிக் கட்டணம், எல்லா ஓடிபியும் ஐயாவின் போனுக்கே வரும். அவர் மீட்டிங்கில் இருந்தால் வீடே காத்திருக்க வேண்டும். குடும்ப அட்டையில்கூட ஆளுக்கொரு வரி உண்டு; கணினியில் அந்த அம்மாளுக்குப் பெயரே இல்லை. இதற்கு ‘நம்ம வீட்டுல ஒளிவுமறைவு இல்லை’ என்று பெருமை வேறு!

பாஸ்வேர்டு மறந்துபோனால் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைப் பையன் வருவான். எந்த வியாதிக்கும் அவனிடம் ஒரே மருந்து: “ஃபார்மட் பண்ணிடலாம் சார்.” பத்து வருஷக் கல்யாண, காதுகுத்துப் படங்களோடு ஐந்நூறு ரூபாயும் போகும்.

எதிர்வீட்டில் இரண்டாவது நிர்வாகிக் கணக்கு பெரியவரின் மனைவி பெயரில் இருக்கிறது. கண்புரை அறுவைக்குப் பெரியவர் ஆஸ்பத்திரியில் இருந்த அன்று பேரன் பாஸ்வேர்டை மறந்து நின்றான். கடைப் பையனை யாரும் கூப்பிடவில்லை. அந்த அம்மாளே அடுப்பை அணைத்துவிட்டு வந்து மாற்றிக்கொடுத்தார். மறந்ததற்கு இரண்டு திட்டும் சேர்த்து.