போஞ்சி வந்தது, விஸ்குண்டே வரல்ல

"தமிழ்ல சயன்ஸ் சொல்லே இல்ல மச்சான். இருக்கிறதும் வாயில நுழையாது." கம்பசுக்கு வந்த நாள்ல இருந்து இதைக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. சொல்றவங்கள்ல பாதிப் பேர் என்னைப் போலவே தமிழ் மீடியத்தில் ஏ.எல். எடுத்தவங்க.

அவங்களுக்கு ஒரு டச்சுச் சொல்லைக் காட்டணும்: விஸ்குண்டே. 'விஸ்' என்றால் நிச்சயம், 'குண்டே' என்றால் அறிவு. இந்த நிச்சய அறிவுதான் டச்சுக்காரருக்குக் கணிதம். ஐரோப்பாவின் பெரும்பாலான மொழிகள் கிரேக்கச் சொல்லை அப்படியே வைத்திருக்க, இவங்க மட்டும் ஏன் இப்படி? காரணம் சைமன் ஸ்டெவின் (1548-1620). அவர் வைத்த பெயர் 'விஸ்கொன்ஸ்ட்', நிச்சயக் கலை. அதுதான் பிறகு விஸ்குண்டே ஆனது. படித்தவன் லத்தீனில்தான் எழுதணும் என்றிருந்த காலத்தில், 1586இல் நிறுவையியல் பற்றி டச்சிலேயே புத்தகம் போட்டார். அறிவியலுக்கு டச்சு எவ்வளவு தோதான மொழி என்று முன்னாடியே ஒரு நீண்ட வாதம் வேறு.

ஆனா சொல் பிழைத்தது வாதத்தால் இல்ல. 1600இல் லைடனில் பொறியியல் பள்ளி ஒன்று தொடங்கி, டச்சிலேயே படிப்பிச்சாங்க. நிலம் அளந்தவனும் கோட்டை கட்டினவனும் அந்தச் சொற்களைத்தான் பேசினான்.

அதே ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை நம்ம கரையோரத்தை ஆண்டாங்க. கந்தோர், கக்கூசு, லாச்சி, போஞ்சி எல்லாம் அவங்க விட்டுப் போனதுதான். கலகெதரயில் போஞ்சி வாங்குற யாராவது "இந்தச் சொல் கஷ்டம்" என்று சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

'காபனீரொட்சைட்டு' என்றால் மட்டும் சிரிக்கிறாங்க. பிரிச்சுப் பாருங்க: காபன், ஈர், ஒட்சைட்டு. 'டை' என்ற கிரேக்க இரண்டுக்குப் பதிலா நம்ம 'ஈர்'. 'ஒளித்தொகுப்பு', 'நுணுக்குக்காட்டி' இன்னும் தெளிவு.

தூய தமிழ் அண்ணாமாருக்கும் ஒன்று. டச்சில் ஒட்சிசன் 'ஸூர்ஸ்டொஃப்', புளிப்புப் பொருள். எல்லா அமிலத்திலும் அது இருக்கு என்ற லவோசியேயின் தப்பு அந்தப் பெயருக்குள்ளேயே கிடக்கு. ஒரு டச்சுப் பிள்ளையும் அதால ஃபெயில் ஆகல்ல. 'ஒட்சிசனா உயிர்வளியா' என்று நீங்க இன்னும் சண்டை பிடிக்கிறீங்க.

மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பிச்சவர், அதுவும் ஒரு அமெரிக்கர். இன்றைக்கு நம்ம சொற்கள் ஏ.எல். பரீட்சை மண்டபத்தோடு நின்று போகுது. அதுக்குப் பிறகு லெக்சர் இல்ல, லேப் ரிப்போர்ட் இல்ல, ஒரு ஹேண்டவுட்கூட இல்ல. பேசவே விடாத சொல்லைப் பார்த்து "வாயில நுழையாது" என்கிறது எந்த ஊர் நியாயம்?