உடைந்ததா, உடைத்தார்களா?

2015-இல் பாகுபலி வந்தபோது, காலகேயர்கள் கத்திய பாஷையை வெறும் உளறல் என்றுதான் நம்மில் பலரும் நினைத்தோம். அது மதன் கார்க்கி இலக்கணம் வகுத்து உருவாக்கிய கிளிக்கி. ‘மின்’ என்றால் நான். அதையே திருப்பிப் போட்டு ‘நிம்’ என்றால் நீ. இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளே நோட்டில் சொந்தமாகப் பாஷை எழுதுகிறார்கள். என் பேரனும் எழுதுகிறான். எழுத்தும் பெயர்ச்சொல்லும் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டன. வினைச்சொல்லில் வந்து நின்றான். எல்லா வினைக்கும் ஒரே விகுதியைப் போட்டுவிட்டால் போயிற்று என்பது அவன் கட்சி. நான் எதிர்க்கட்சி.

அவன் பக்கத்திலும் பெரிய ஆள் உண்டு. 1887-இல் எஸ்பராந்தோவை வெளியிட்ட ஸாமன்ஹாஃப் அதைத்தான் செய்தார். நிகழ்காலத்துக்கு ‘ஆஸ்’, இறந்தகாலத்துக்கு ‘இஸ்’, எதிர்காலத்துக்கு ‘ஓஸ்’. விதிவிலக்கே கிடையாது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அதன் அருமை தெரியும். பிரெஞ்சில் வினைகளை மூன்று கூட்டமாகப் பிரிப்பார்கள். முதல் கூட்டம் சாது. மூன்றாவது கூட்டம் ஒரு கட்டுக்கும் அடங்காது. போ, வா, பார், செய் என்று அன்றாடம் வேண்டிய சொற்களெல்லாம் அதில்தான் உட்கார்ந்திருக்கும்.

தமிழ் மட்டும் என்ன, சுலபமா? இறந்தகாலம் காட்ட த், ட், ற், இன் என்கிறது நன்னூல். செய்தான், உண்டான், தின்றான், ஓடினான். எந்த வினைக்கு எது வரும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியார் படிக்க அட்டவணை வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அந்த வினை எந்த வகுப்பு என்பதற்கான எண். அதில் ‘உடைதல்’ 4, ‘உடைத்தல்’ 11. வேர் ஒன்று, வகுப்பு இரண்டு. தானாக நடந்தால் ஒன்று, ஒருவர் செய்தால் மற்றொன்று. வளர்ந்தது, வளர்த்தான், அழிந்தது, அழித்தான், நனைந்தது, நனைத்தான் எல்லாம் இதே கதைதான். இதைச் சொல்ல எஸ்பராந்தோ தனியாக ஓர் ஒட்டு வைத்திருக்கிறது. பிரெஞ்சு ஒரு குட்டிச் சொல்லை முன்னால் போடும். தமிழில் வினை எந்த வகுப்பில் போகிறது என்பதே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இது இலக்கணப் பண்டிதர் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் கூமாப்பட்டி, பிளவக்கல் அணைக்குக் கீழே கண்மாயை நம்பிப் பிழைக்கிற ஊர். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி ஒரு கரை போய்விட்டது என்று வையுங்கள். ‘கரை உடைந்தது’ என்று அறிக்கை போனால் அது மழைச்சேதம். மணல் மூட்டை, நிவாரணம் என்று வேலை நடக்கும். ‘கரையை உடைத்தனர்’ என்று போனால் போலீஸ், வழக்கு, இரண்டு ஊருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் இருப்பது ஒரு ‘ந்’, ஒரு ‘த்’. விவரம் தெரிந்த பழைய குமாஸ்தாக்கள் பேனாவை எடுக்குமுன், “ஐயா, உடைஞ்சதா, உடைச்சாங்களா? நல்லா விசாரிச்சுச் சொல்லுங்க” என்று இரண்டு தரம் கேட்பார்கள். கோப்பு விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்வி எழாது. அரசாங்க அலுவலகத்தில் கோப்பு எப்போதும் ‘தொலைந்துவிடும்’. யாரும் அதைத் ‘தொலைத்ததில்லை’.

ஆகவே பாஷை கட்டுகிறவர்கள் வினைக்கு இரண்டு வகுப்பாவது வைக்கட்டும், இந்த மாதிரி ஒரு வேலையைக் கொடுத்து. அதற்காக ஆறு, ஏழு வகுப்பு வைத்து, பார்க்க இயற்கையாக இருக்கிறது என்று பெருமைப்படுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. தின்றானில் ‘ற்’ வருவதும் ஓடினானில் ‘இன்’ வருவதும் நூற்றாண்டுகளாக நாக்கில் புழங்கி வந்தவை. நேற்றுப் பிறந்த பாஷைக்கு அந்தப் பாரம் எதற்கு?

இன்னொன்று. புதிதாக வரும் சொல்லுக்கு எப்போதும் ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும். தொலைபேசி வந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் ‘தெலெஃபோனே’ என்று அதை முதல் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். நாம் ஃபோன் ‘பண்ணினோம்’. 2025-இல் எங்கள் ஊரை நாடு முழுக்கப் பிரபலமாக்கிய ரீல்ஸையும் யாரும் ‘ரீலினார்கள்’ என்று சொல்லவில்லை. ரீல்ஸ் போட்டார்கள்.