கதையில் ஓட்டை எது?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

சென்ற கல்லூரி நாள் விழாவில் முதலாண்டு மாணவர் ஒருவர் எழுதிய ஓரங்க நாடகம் மேடையேறியது. கதை இதுதான். அரியலூர்ப் பேருந்து நிலையத்தில் ஜெயங்கொண்டம் வண்டிக்காகக் காத்திருக்கும் மாணவன், தெரியாமல் ஒரு கால எந்திரத்தில் ஏறிவிடுகிறான். இறங்கிப் பார்த்தால் கங்கைகொண்ட சோழபுரம். கோயில் திருப்பணி நடந்துகொண்டிருக்கிறது. எதிரே இராசேந்திர சோழன் நிற்கிறான்.

அதுவரை அமைதி காத்த அரங்கம், மாணவன் மன்னனோடு பேசத் தொடங்கியதும் கொதித்தெழுந்தது. "ஆயிரம் வருசத்துக்கு முந்தின தமிழ் உனக்கு எப்படிடா புரிஞ்சுது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "எந்திரத்துக்கு டீசல் எங்கேடா போட்டே?" என்று இன்னொரு குரல். "லாஜிக் இல்லை, லாஜிக் இல்லை" என்ற கூச்சலில் நாடகத்தின் பின்பாதி யார் காதிலும் விழவில்லை. கத்தியவர்களில் நானும் ஒருவன். அந்த டீசல் கேள்வி என்னுடையதுதான். அன்று கிடைத்த சிரிப்பில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அந்த மாணவர் இந்த ஆண்டு நாடகம் எழுதவில்லை. கேட்டதற்கு, "இனி எழுதமாட்டேன், அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விழா முடிந்து சில நாட்கள் கழித்துத் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் என்னை அழைத்தார். "தம்பி, அந்த நாடகத்தில் ஓட்டை இருந்தது உண்மை. ஆனால் நீங்கள் கத்திய இடத்தில் அது இல்லை. இரண்டாம் காட்சியில் அவன் தன் கைபேசியை மன்னனுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டான். ஊர் திரும்பிய பிறகு அதே கைபேசியை எடுத்து அம்மாவிடம் பேசுகிறானே! அதை உங்களில் யாராவது கவனித்தீர்களா?" என்றார். நான் விடை சொல்ல முடியாமல் நின்றேன். அன்று முதல் என் மனத்தில் சுழன்றுகொண்டிருக்கும் எண்ணங்களையே இங்கே எழுதுகிறேன்.

பவணந்தியார் காட்டும் வழி

மாயாசாலப் படமானாலும் அறிவியல் புனைகதைப் படமானாலும், பார்த்துவிட்டு வெளியே வரும்போது நாம் சொல்லும் முதற்சொல் 'லாஜிக் இடிக்குது' என்பதுதான். எது இடிக்கிறது, எதன்மேல் இடிக்கிறது என்று நாம் பிரித்துப் பார்ப்பதில்லை.

பிரித்துப் பார்க்கும் கருவி நம்மிடம் எண்ணூறு ஆண்டுகளாக இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று எண்ணிக் காட்டினார். அவற்றுள் ஒன்று 'குன்றக் கூறல்'. சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. மற்றொன்று 'மாறுகொளக் கூறல்'. முன்பு சொன்னதற்கு முரணாகப் பின்பு சொல்வது. இலக்கண நூலுக்குச் சொன்ன இவ்விரண்டும் திரைக்கதைக்கும் அப்படியே பொருந்துகின்றன. நடவாததைச் சொல்லுதல் என்று ஒரு குற்றம் அந்தப் பத்தில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உலகில் இல்லாத ஒன்றை உவமையாகக் காட்டினால், அதற்கு 'இல்பொருள் உவமை' என்று பெயர் வைத்து அணியிலே சேர்த்தவர்கள் நம் முன்னோர்.

எனவே என் கருத்து இது. கதை நம் உலகத்தோடு முரண்பட்டால் அது கற்பனை. கதை தன்னோடு தானே முரண்பட்டால் அதுதான் ஓட்டை.

அப்பாயி கேட்ட கேள்வி

இதை எனக்கு முதலில் கற்பித்தவர் எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாயி. எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாவில் கர்ண மோட்சம் கூத்து நடந்தது. பொன்னுருவியாக ஆடியவர் ஓர் ஆண். மரக்கட்டையில் செய்து கண்ணாடி பதித்த அணிகலன்களை மாட்டிக்கொண்டவர் அரசர். மூன்று சுற்றுச் சுற்றிவந்தால் அரண்மனையிலிருந்து போர்க்களம். இவற்றில் எதையும் அப்பாயி கேள்வி கேட்கவில்லை. ஆனால் இந்திரனுக்குக் கவசத்தையும் குண்டலத்தையும் கொடுத்த கர்ணன் அடுத்த காட்சியில் வந்து நின்றபோது, முன்வரிசையிலிருந்து அவர் குரல் எழும்பியது: "ஏப்பா, குண்டலத்தைக் குடுத்துட்டேன்னு பாடுன, காதுல என்ன தொங்குது?"

கூத்தாடியவர் சிரித்துக்கொண்டே அதைக் கழற்றிக் கட்டியங்காரனிடம் கொடுத்தார். கூத்து தொடர்ந்தது. ஆண் பெண்ணாக வருவது கூத்தின் வழக்கு. அதை ஒப்புக்கொண்டுதான் பாயை விரித்து உட்கார்ந்தோம். கொடுத்த குண்டலம் திரும்பி வருவது கதையின் முரண். அதை எவரும் ஒப்புக்கொண்டு உட்காரவில்லை.

திரையிலே

1957-இல் வந்த மாயாபஜாரில், மேலே நிற்பவரை உண்மை பேச வைக்கும் மாயப் பொருள் ஒன்று வரும். அதன்மேல் ஏறிய சகுனி, மறைக்க நினைத்ததையெல்லாம் கொட்டிவிடுவார். அது எந்த விசையில் இயங்குகிறது என்று இன்றுவரை எவரும் கேட்டதில்லை. சகுனி அதன்மேல் நின்றுகொண்டே ஒரு பொய் சொல்லியிருந்தால், கொட்டகையே கேட்டிருக்கும்.

1963-இல் வெளிவந்த 'கலை அரசி'யில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். வேற்றுக்கிரகத்தார் இசை கற்பிப்பதற்காக நாயகியைத் தூக்கிச் செல்லும் கதை. அந்தக் கிரகத்தில் எல்லோரும் தமிழ் பேசுவார்கள். தமிழ்ப் படத்தில் தமிழ் பேசுவது கூத்தில் மூன்று சுற்றுச் சுற்றுவது போன்ற வழக்கு. அந்தப் படத்தை ஒப்புக்கொள்ளும் நாம், முதலாண்டு மாணவனின் சோழன் நமக்குப் புரியும் தமிழில் பேசியபோது கத்தியது என்ன நியாயம்?

2016-இல் வந்த '24' படத்தில் காலத்தை நகர்த்தும் ஒரு கைக்கடிகாரம். அதன் எல்லை இருபத்துநான்கு மணி நேரம் என்பது விதி. கதைக்கு அதைவிடப் பின்னோக்கிப் போக வேண்டிய தேவை வந்தது. விதியைச் சத்தமில்லாமல் மீறியிருந்தால் அது ஓட்டை. நாயகனே உட்கார்ந்து கடிகாரத்தைத் திருத்தி அமைக்கும்படி செய்தார்கள். விதியை மாற்றலாம், ஆனால் பார்ப்பவன் கண்ணெதிரே மாற்ற வேண்டும்.

உலகப் புகழ் பெற்ற படங்களும் இதற்கு விலக்கல்ல. 1993-இல் வந்த ஜுராசிக் பார்க்கில் டைனோசர் வேலியைத் தாண்டிச் சமதரையில் நடந்து சாலைக்கு வருகிறது. சற்று நேரத்தில் அதே சாலையோரத்திலிருந்து வண்டி பெரும் பள்ளத்தில் விழுகிறது. சமதரை எப்போது பள்ளமாயிற்று? இது ஐயமற மாறுகொளக் கூறல். ஆயினும் முதன்முறை பார்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நம்மில் பெரும்பாலோர் அதைக் கவனிக்கவேயில்லை. எனவே ஓட்டைகளிலும் சிறிது பெரிது உண்டு. கதை அதன்மேல் நின்றால் குடம் ஒழுகும். கதை அதைத் தாண்டிப் போய்விட்டால் ஒழுகாது.

அதே படத்தில் வரும் டைனோசர்கள் பல, பெயரிலுள்ள ஜுராசிக் காலத்தவை அல்ல. அதற்கு அடுத்த கிரெட்டேசியஸ் காலத்தவை. புவியியல் நண்பர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அரியலூர்ப் பாறைகளும் அந்தக் கிரெட்டேசியஸ் காலத்தவை அன்றோ! ஆனால் இது தகவல் பிழை. கதையின் எந்த முடிச்சும் இதனால் அவிழ்ந்துவிடவில்லை.

எங்கள் ஊருக்கு ஒரு வழக்கு

இவ்வளவு தெளிவாகப் பேசும் நான் தடுமாறிய இடம் ஒன்று உண்டு. அது செல்வராகவன் இயக்கி 2010-இல் வெளிவந்த 'ஆயிரத்தில் ஒருவன்'.

கி.பி. 1279. பாண்டியருக்குத் தோற்ற சோழ மன்னன், தன் மகனையும் மக்களையும் எவரும் அறியாத ஓரிடத்திற்கு அனுப்பிவிடுகிறான். அந்த வழித்தோன்றல்கள் நூற்றாண்டுகள் கடந்தும், தங்களைத் தஞ்சைக்கு அழைத்துச் செல்லத் தூதுவன் வருவான் என்று காத்திருக்கிறார்கள். வழியில் ஏழு பொறிகள். அவற்றுள் ஒன்றில் நடராசர் உருவத்தில் விழும் நிழலின்மேல் நடந்தால்தான் புதைமணலில் சிக்காமல் தப்பலாம்.

விடுதியில் இப்படத்தை ஒன்றாகப் பார்த்தபோது மூன்று துறையும் மூன்று விதமாகச் சண்டையிட்டன. சூரியன் எழும் இடம் நாளுக்கு நாள் நகருமே, நிழல் எல்லா நாளும் ஒரே இடத்தில் எப்படி விழும் என்றார் இயற்பியல் நண்பர். அவர்கள் சென்ற நாளில் சரியாக விழுந்தது என்று கொள்ளலாம். படம் அதைச் சொல்லவில்லை. ஆகவே குன்றக் கூறலே தவிர ஓட்டை இல்லை என்று தீர்ப்பாயிற்று. இத்தனை நூற்றாண்டுகள் வெளியார் எவரையும் பாராமல் அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டார் பொருளியல் நண்பர். வறண்ட நிலத்தில் பசியால் வாடித்தான் வாழ்கிறார்கள் என்று படமே காட்டுகிறது. அந்தக் கேள்வியும் தள்ளுபடி.

கடைசியாக நான் எழுந்தேன். "1279-இல் சோழரின் தலைநகர் தஞ்சாவூரா? முதலாம் இராசேந்திரன் காலத்திலிருந்து ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் கங்கைகொண்ட சோழபுரம் அல்லவா தலைநகர்! அந்த மக்கள் கனவு காண வேண்டியது தஞ்சையை அல்ல, நம் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்து ஊரை!" என்றேன். கைதட்டல் எழுந்தது. மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கோபம் வராதா?

ஆனால் என் இலக்கணப்படி இது வெறும் தகவல் பிழைதானே? ஜுராசிக்கை மன்னித்த நான் இதை மட்டும் ஏன் மன்னிக்கவில்லை? சொந்த ஊர்ப் பாசம்தானா?

வரலாற்றுத்துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் சொன்ன விடை என் இலக்கணத்தைத் திருத்தியது. "பெயரில்லாத ஒரு நாட்டின் பெயரில்லாத அரசன் என்று கதை தொடங்கியிருந்தால், அவர்கள் உனக்கு எந்தக் கணக்கும் காட்ட வேண்டியதில்லை. '1279' என்று எழுதியதும், 'சோழன்' என்று சொன்னதும், வரலாற்றிடம் நம்பிக்கையைக் கடன் வாங்கிவிட்டார்கள். கடன் வாங்கிய அளவுக்குக் கணக்குக் கேட்கலாம். வாங்காத கடனுக்கு வட்டி கேட்கக் கூடாது" என்றார்.

இது சரியென்றே எனக்குப் படுகிறது. அப்படியானால் அந்தப் படத்துக்கும் ஒரு பதில் உண்டு. தலைநகர் மாறினாலும் முன்னோர் ஊர் என்ற முறையில் தஞ்சையையே அவர்கள் தாயகமாக நினைத்திருக்கலாம். அதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் வழக்கே இல்லை. சொல்லாததால் அது குன்றக் கூறல். ஓட்டை என்று நான் கூச்சலிட்டதைத் திரும்பப் பெறுகிறேன். வருத்தத்தைத் திரும்பப் பெறவில்லை.

நம்ப முடியாதது பொய்யா?

'நம்பும்படி இல்லை' என்பதை மட்டும் வைத்து ஒன்றைத் தள்ளிவிட நம் இரு மாவட்டத்தாருக்கும் உரிமையே கிடையாது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஏறத்தாழ பதினெட்டு மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. வயது சுமார் பன்னிரண்டு கோடி ஆண்டுகள். காரையிலும் குளக்காநத்தத்திலும் செம்மண் ஓடைகளில் கடல்வாழ் உயிர்களின் படிமங்கள் கிடைக்கின்றன. கிணற்றில் தண்ணீர் தேடும் நம் மண் ஒருகாலத்தில் கடலடியில் இருந்தது! இதை ஒரு படத்தில் காட்டினால் 'காதில் பூ சுற்றுகிறான்' என்றுதான் சொல்லியிருப்போம்.

மறுபுறம், அரியலூர்ப் பக்கம் கள்ளமேட்டில் கிடைத்த பேரெலும்புகளை 1980-களின் இறுதியில் ஒரு மாபெரும் டைனோசர் என்று அறிஞர்கள் பெயரிட்டு அறிவித்தார்கள். அவ்வெலும்புகள் சிதைந்துபோயின. அவை எலும்புதானா, கல்லான மரமா என்றுகூடப் பின்னர் ஐயம் எழுந்தது. அறிவியல் தன் கதையிலுள்ள ஓட்டையைத் தானே தேடுகிறது. யாரும் விசிலடித்து அதைச் செய்யவில்லை. சான்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

நாம் செய்ய வேண்டியது

திரைத்துறையில் ஊர்களை ஏ, பி, சி என்று தரம் பிரிக்கும் வழக்கம் உண்டு. நம் ஊர்கள் கடைசி எழுத்தில்தான் வரும். 'அங்கெல்லாம் லாஜிக் யார் பார்க்கிறார்கள்?' என்ற எண்ணம் அந்த எழுத்துக்குள் ஒளிந்திருக்கிறது. என் அப்பாயியின் ஒரு கேள்வி போதும் அதைப் பொய்யாக்க. கேள்வி கேட்பதை நாம் விடக் கூடாது. கைபேசியில் வரும் செய்தியானாலும் மேடையில் கேட்கும் வாக்குறுதியானாலும், 'நேற்று என்ன சொன்னாய், இன்று என்ன சொல்கிறாய்' என்று கேட்கும் பழக்கம் இத்தகைய விளையாட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் கேள்விக்கும் கூச்சலுக்கும் வேறுபாடு உண்டு. அப்பாயி கேட்டதும் குண்டலம் கழன்றது, கூத்து நடந்தது. நாங்கள் கத்தியதும் நாடகம் நின்றது. ஒரு பேனாவும் நின்றது. கூச்சலிட்ட எங்களுக்குக் கதையைக் கவனிக்கத் தெரியவில்லை என்பதே அங்கிருந்த பெரிய ஓட்டை.

அந்த முதலாண்டுத் தம்பிக்கு, இப்போது இரண்டாமாண்டுத் தம்பிக்கு, இம்மலரின் வழியே ஒரு வேண்டுகோள். நாடகத்தை மறுபடி எடுங்கள். மன்னன் தமிழ் பேசட்டும். எந்திரம் டீசல் இல்லாமல் ஓடட்டும். விடைபெறும் வேளையில் மன்னன் கைபேசியைத் திருப்பித் தந்து, "இந்த ஓலையில் எழுத்து நிற்கவில்லை, நீயே வைத்துக்கொள்" என்று ஒரு வரி சொன்னால் போதும். ஓட்டை அடைபட்டுவிடும். ஒத்திகைக்கு நான் வருகிறேன். இம்முறை முன்வரிசையில் உட்கார்ந்து, கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வாய் திறப்பேன்.